கல்மனையும் மண்மனையும்: மரபுரிமை மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் வரலாற்று மனைகள் பற்றிப் பேசுவோர் தென்கரைப் பழம்பதியாகிய காலியையே முதற்கண் எடுத்துக்காட்டுவர். போர்த்துக்கேயரிடமிருந்து 1640இல் அந்நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்தமைத்த கோட்டை, அதனுள் உள்முற்றமும் தூண்வரிசைத் தாழ்வாரமும் கொண்ட வீடுகள், 1755இல் கட்டிமுடிக்கப்பட்ட தேவாலயம் ஆகியன இன்றும் பேணப்படுகின்றன. 1988இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கோட்டை நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இம்மதிப்பு தகுதியானதே. ஆயின், காலியைக் கொண்டு வகுத்த அளவுகோலால் ஏனைய பிரதேசங்களையும் அளக்க முற்படும்போதே சிக்கல் எழுகின்றது.

அவ்வளவுகோலுடன் ஓமந்தைக்கு வருபவர் காண்பது யாது? வவுனியாவுக்கு வடக்கே, கண்டி யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் அமைந்தது இவ்வூர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் அவ்வழிச் சென்ற பலர்க்கு அது ஒரு சோதனைச்சாவடியின் பெயராகவே நினைவில் நின்றது. கோட்டையும் மாளிகையும் தேடுவோர் இங்கு வரலாறு இல்லையெனக் கடந்து செல்வர்.

வன்னி மனைக்கும் இலக்கணம் உண்டு. விருந்தினரை ஏற்கும் தலைவாசல், புறம்பான அடுக்களை, நெல்லைக் காக்கும் கொம்பறை, இவற்றை இணைக்கும் முற்றம் என்பன அதன் உறுப்புகள். வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரும், ஓலையோ வைக்கோலோ வேய்ந்த கூரையும் அதன் ஆக்கம். மாரியிற் கரைவதும் மெழுகியும் வேய்ந்தும் புதுக்கப்படுவதும் அதன் இயல்பு. கல்மனை பொருளால் நிலைக்க, மண்மனை செய்முறையால் நிலைக்கின்றது. செய்வோர் அகன்றால் சில மாரிகளிலேயே மனை மண்ணாகிவிடும். போர்க்கால இடப்பெயர்வு வன்னிக்கு இழைத்த கேடுகளுள் இதுவும் ஒன்று.

கல்லை மாத்திரம் சான்றாகக் கொள்வதன் குறையைக் கற்சிலைமடு உணர்த்தும். 1803இல் பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படைத்தலைவன் டிறிபேக் அங்கு தோற்கடித்ததைக் குறித்து ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றோர் கூற்றையே அக்கல் பொறித்தது. அந்நிலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அதில் இடமில்லை.

போரின் பின்னர், 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளைக் கொண்ட இந்திய வீடமைப்புத் திட்டம் முதலியவற்றால் வன்னியெங்கும் சீமெந்துக் கல்வீடுகள் எழுந்தன. பலமுறை இடம்பெயர்ந்த குடும்பத்தை, மரபைக் காக்கும்பொருட்டு மண்வீட்டிலேயே இரு எனக் கூறுதல் அறமன்று. எனினும் பழைய மனையின் அமைப்பும், உறுப்புகளின் பெயர்களும், வேய்தல் மெழுகுதல் நுட்பங்களும் பதிவின்றி மறைதல் தவிர்க்கக்கூடியதே. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வன்னிக் கிராம வாழ்வைப் புனைகதையிற் பதிந்துவைத்தது. அத்தகைய பணி கட்டடக்கலை ஆய்விலும் நிகழ்தல் வேண்டும். முற்றத்தை மெழுகிய கைகளும் கூரை வேய்ந்த கைகளும் இன்னும் அவ்வூர்களில் உள்ளன. அவர்களிடம் கேட்டறியாத மரபுரிமை ஆய்வு, எத்துணைக் கோட்டைகளை விவரிப்பினும் குறையுடையதேயாகும்.