ஆறாம் நம்பர் ஊசி

குன்னூருக்கு மாற்றலாகிப் போன அண்ணன் மகள், ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பிறந்தநாளும் பக்கத்தில் இருந்தது. ஏழெட்டு வருஷம் முன்பு இதே போல ஒருத்திக்கு நான் வாங்கிக் கொடுத்தது கறுப்பு மொஹேர் நூல். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். கடையில் தொட்ட கையை எடுக்க மனம் வராது. பாவம், அவள் நாலு வரிசை பின்னிப் பார்த்தாள். கண்ணி எது, ரோமம் எது என்றே பிடிபடவில்லை. பிரித்துவிடலாம் என்றால் ரோமமும் ரோமமும் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. நூல், ஊசி எல்லாம் பரண் ஏறிவிட்டது. தப்பு என்னுடையது. என் கண்ணுக்கு அழகானதை வாங்கினேனே தவிர, அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று யோசிக்கவில்லை.

பின்னலின் கண்ணியைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. கொடியில் காயும் திருப்பூர் பனியன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்க ஆங்கில ‘வி’ எழுத்துகள், ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து வரிசை வரிசையாக மேலே ஏறும். உள்பக்கம் திருப்பினால் ‘வி’ மாயமாகி, சின்னச் சின்ன அலைகள் குறுக்கே ஓடும். இரண்டும் ஒரே கண்ணிதான். அது முகம், இது முதுகு. வேட்டியில் பாவும் ஊடும் விறைப்பாகக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கின்றன. பனியனிலோ நூல் வளைந்து, முந்தின வளைவுக்குள் நுழைந்து வருகிறது. பனியன் இழுத்த இழுப்புக்கு வருவதும் வேட்டி வராததும் இதனால்தான். ‘நிட்’, ‘பர்ல்’ என்று புதிதாகக் கற்பவர் மாறி மாறிச் சொல்லிக்கொள்வது இந்த முகத்தையும் முதுகையும்தான். அது தெளிவாகத் தெரிகிற நூல்தான் நல்ல நூல்.

எனவே வெளிர் நிறம். பாலாடை நிறத்தில் எடுத்தேன். வானவில் போல நிறம் மாறிக்கொண்டே போகும் நூல் கண்ணைப் பறித்தது. கண்ணியையும் சேர்த்து மறைக்கும் என்பதால் விட்டுவிட்டேன். முறுக்கையும் பார்க்க வேண்டும். புரிகள் தளர்ந்திருந்தால் ஊசிமுனை நடுவில் புகுந்து பாதி நூலை மட்டும் தூக்கிக்கொண்டு வரும். நகத்தால் லேசாக நெருடிப் பார்த்தேன், புரி பிரியவில்லை.

பருத்தியா, கம்பளியா? சந்தேகமே இல்லாமல் கம்பளி. ஆட்டு ரோமம் பிறவியிலேயே நெளிநெளியானது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கற்றுக்கொள்ளும் கை ஒரு கண்ணியை இறுக்கும், அடுத்ததைத் தொளதொளவென்று விடும். அலசிக் காயப் போட்டால் கம்பளிக் கண்ணிகள் தங்களுக்குள் பேசி ஓரளவு சமாதானமாகிவிடும். பருத்தியோ செய்த பிழையை அப்படியே ஊருக்குக் காட்டும். கம்பளியில் எனக்குப் பிடித்த வித்தை இன்னொன்று உண்டு. நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு முனைகளையும் பிரித்து, ஈரப்படுத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்துச் சூடேறத் தேய்த்தால், ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் கோத்துக்கொண்டு ஒரே நூலாகிவிடும். இணைத்த இடம் விரலுக்குக்கூடத் தெரியாது. லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருந்தால் மட்டும் பலிக்காது; வாஷிங் மெஷினுக்காக அந்தச் செதில்களை அடக்கி வைத்திருப்பார்கள்.

சிட்டமாக முறுக்கி வைத்த நூல் பார்க்க லட்சணம்தான். ஆனால் அதைக் கண்டாகச் சுற்ற, எதிரே இரண்டு கையை நீட்டிக்கொண்டு யாராவது உட்கார வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு எதற்கு அது? சுற்றிய கண்டுகளே இரண்டு வாங்கினேன், லேபிளில் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்து. எண் மாறினால் அதே பாலாடை நிறம் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

ஊசியில்தான் குழப்பம். நம்மூரில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 10 என்றால் 3.25 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். அங்கே 8 என்பது 5 மி.மீ. மில்லிமீட்டரில் கேட்டுவிட்டால் வம்பில்லை. 5 மி.மீ. மூங்கில் ஊசி ஒரு ஜோடி எடுத்தேன், நம் கணக்கில் 6. அலுமினிய ஊசி வேகக்காரிகளுக்கு. கவனம் பிசகினால் கண்ணிகள் சறுக்குமரம் விளையாடும். மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். கையில் வைத்த சற்று நேரத்தில் கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும். நூல் முனைகளைச் செருக மழுங்கல் முனையுள்ள ஒரு பெரிய தையல் ஊசியும் சேர்த்துக் கட்டினேன். புத்தகம், பை, அளவுநாடா எதுவும் வைக்கவில்லை.

மூன்றாம் வாரம் போட்டோ வந்தது. 20 கண்ணியில் தொடங்கிய துண்டு மேலே போகப் போகப் படகு மாதிரி அகன்று 27-ல் நின்றது. ஃபோன் போட்டேன்.

“தெரியும் அத்தை. வரிசை ஆரம்பத்துல நூல ஊசிக்கு மேல தூக்கி இழுத்துட்டேன், ஒரு கண்ணி ரெண்டாட்டம் நின்னுது. நானும் ரெண்டுலயும் பின்னிட்டேன். ஏழும் எங்கெங்க நுழைஞ்சுதுன்னு கீழருந்து எண்ணிக் கண்டுபிடிச்சுட்டேன்.”

“பிரிச்சிட்டியா?”

“இல்ல. இது இருக்கட்டும். ரெண்டாவது கண்டுல திரும்ப 20 போட்டிருக்கேன்.”