காத்து நின்னுபோன கதை

நம் கவிஞர்களுக்கு மின்னல் மேல் ஒரு தீராத மயக்கம் இருக்கிறது. தலித் கவிதைகள் என்று வெளிவந்த தொகுப்புகளில் எதைப் புரட்டினாலும் எங்காவது ஓர் இடி இறங்கும், மின்னல் வெட்டும், ஆதிக்கசாதிக்காரன் கூரை பற்றி எரியும். கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நாம் கேட்கிற ஆயுதம் இதுவரைக்கும் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டாமா? இந்த நாட்டுப் புராணத்தில் மின்னல் கேட்பாரற்றுக் கிடந்த பொருள் அல்ல. அது இந்திரனின் வச்சிராயுதம். அதற்கு எதிரே நிற்பது காற்று. இரண்டுக்கும் உள்ள வழக்கைத்தான் இங்கே வாசிக்கப் போகிறேன். என் கட்சி காற்றின் கட்சி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை வேஷம் நமக்கு ஒத்துவராது.

புராணத்துக்குப் போகுமுன் நம்ம சனங்க பேச்சைப் பார்க்கலாம். வானம் இடிச்சா 'அர்ச்சுனா, அர்ச்சுனா'ன்னு சொல்லணும் என்று என் அம்மாச்சி பழக்கி வைத்திருந்தாள். அர்ச்சுனன் யார்? இந்திரன் மகன். அடிக்கிறவனின் மகன் பேரைச் சொல்லி அடி விழாமல் தப்பிக்கிற தந்திரம் அது. ஆண்டை வீட்டுச் சின்னையா பேரைச் சொல்லிக் கும்பிடுகிற அதே தந்திரம். இந்தியாவில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கிச் சாகிறார்கள் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. வரப்பில் நிற்பவனும் வெட்டவெளியில் மாடு மேய்ப்பவளும்தான் அதில் பெரும்பகுதி. மாடி வீட்டில் இடிதாங்கி இருக்கிறது.

காத்து விஷயம் வேற. 'காத்துக் கருப்பு அண்டிருச்சு' என்கிறோம். அற்பாயுளில் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள், சாவு ஒழுங்காக முடியாதவர்கள் காத்தாக அலைகிறார்கள் என்பது நம்பிக்கை. நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனால் கொலையுண்டவர்களின் இருப்பிடமாக நம் மொழி எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

களத்திலும் அப்படித்தான். பொலி தூற்ற நிற்கிற பொம்பளைகளுக்குச் சுளகு கையில் இருந்தால் மட்டும் போதாது, காத்து வரணும். சாவியும் சண்டும் பறந்து போனால்தான் நெல் நெல்லாக விழும். காத்து நின்னுபோச்சுன்னா வேலை நின்னுபோகும். ஆண்டை கத்தலாம், ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவான்? சுளகை இறக்கி வைத்துவிட்டு ஒரு வாய் வெற்றிலை போட அந்த நேரம்தான் கிடைக்கும். காத்து நிற்பதன் அருமை கூலிக்காரிக்குத் தெரியும்.

இனிப் பிரதிக்கு வருவோம். வால்மீகியின் பால காண்டத்தில் காற்றுகள் பிறந்த கதை வருகிறது. அமுதத்துக்காக நடந்த சண்டையில் தேவர்கள் திதியின் பிள்ளைகளைக் கொன்றுவிடுகிறார்கள். இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று அவள் தவம் இருக்கிறாள். ஆயிரம் வருஷம் சுத்தமாக இருந்தால் பிறப்பான் என்பது நிபந்தனை. இந்திரன் என்ன செய்கிறான்? பணிவிடைக்காரனாக வந்து சேர்கிறான். விறகு பொறுக்குகிறான், தண்ணீர் எடுத்து வருகிறான், கைகால் அமுக்கிவிடுகிறான். பத்து வருஷம் மீதம் இருக்கும்போது ஒரு நடுப்பகலில் அசந்துபோன அந்தத் தாய், தலை வைக்க வேண்டிய இடத்தில் காலை வைத்துத் தூங்கிவிடுகிறாள். தீட்டாகிவிட்டது! இந்திரன் சிரிக்கிறான். வயிற்றுக்குள் நுழைந்து வச்சிரத்தால் கருவை ஏழாக வெட்டுகிறான். கரு அழுகிறது. அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறான். 'மா ருத' என்ற அந்த அதட்டலில் இருந்துதான் மருத்துகள் என்ற பெயர் வந்ததாம். பின்வந்த புராணங்கள் ஏழை ஏழால் பெருக்கி 49 ஆக்கின. காற்றின் பெயருக்குள்ளேயே ஓர் அதட்டல் இருக்கிறது, பாருங்கள்.

மின்னல் உள்ளே நுழைந்த வாசல் எது? தீட்டு. இதை வாசித்துவிட்டு நம்மால் சும்மா கடந்துபோக முடியாது. கொலைகாரன் வெளியே வந்து கைகூப்பிக்கொண்டு சொல்வது என்ன? நீ அசுத்தமாகத் தூங்கினாய், எனக்குச் சந்து கிடைத்தது, மன்னித்துவிடு. தாயும் குற்றம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறாள். வெட்டுப்பட்ட துண்டுகளுக்கு ஏதாவது பதவி கொடு என்று கேட்கிறாள். துண்டுகள் இந்திரனுக்கு வேண்டியவர்களாகி, காற்றுலகங்களில் உலாவும் தேவர்களாகிவிடுகின்றன. இங்கே மேல் விழுந்தவனே சாட்சியும் நீதிபதியுமாகிறான். பலியானவள் வாயில் இருந்தே குற்ற ஒப்புதல் வாங்கப்படுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

ரிக் வேதத்தில் மருத்துகள் வேறு மாதிரி இருக்கிறார்கள். அவர்களுக்குள் மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை என்று ஐந்தாம் மண்டலம் வியக்கிறது. படிநிலை இல்லாத ஒரு கூட்டம் வேதத்துக்குள்ளேயே பாடப்பட்டிருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் மண்டலத்தில், அகத்தியர் பெயரில் உள்ள பாடல்களில், வேள்விப் பங்கு யாருக்கு என்று அவர்களுக்கும் இந்திரனுக்கும் தகராறு வருகிறது. பாம்பை நான் தனியாகக் கொன்றபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்பது இந்திரனின் வாதம். வானிலை படித்தவர்கள் சிரிப்பார்கள். மேகத்துக்குள் மேலேறும் காற்றில் பனித்துகள்கள் மோதித்தான் மின்னேற்றம் பிரிகிறது, காத்து இல்லாமல் மின்னலே கிடையாது. உழைத்தவனைப் பார்த்து 'நீ எங்கடா இருந்தே' என்று கேட்பது பழைய வழக்கம்போல. பிறகு வந்த பிராமணங்கள் இதை அரசியல் சட்டமாகவே எழுதிவிட்டன. இந்திரன் ஆளும் க்ஷத்திரம், மருத்துகள் குடிகள். (குடிகள் என்றால் நாம் என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அது 'விசு', வைசியன் வரைக்கும்தான். நம்மை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.)

எல்லாருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். அனுமன் குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழம் என்று நினைத்துப் பாய்ந்தான், இந்திரன் வச்சிரத்தால் அடித்தான், தாடை உடைந்தது. பேர்கூட அதனால் வந்ததுதான், ஹனு என்றால் தாடை. படக்கதைப் புத்தகங்களில் இது குட்டிக் குழந்தையின் சேட்டை. வால்மீகியின் உத்தர காண்டத்தில் சேட்டையோடு கதை நிற்பதில்லை. அன்றைக்குக் கிரகண நாள், சூரியன் ராகுவின் பங்கு. தன் பங்கை வேறு ஒருவன் எடுக்க வருகிறான் என்று ராகு போய் இந்திரனிடம் புகார் செய்கிறான். ஆக, பசித்த ஒரு குழந்தை அடுத்தவனுக்கு என்று விதிக்கப்பட்டதில் கை வைத்ததுதான் குற்றம். மேற்கொண்டு விசாரணை இல்லை. நேரே வச்சிரம்.

இங்கேதான் காற்று ஒரு காரியம் செய்கிறது. திருப்பி அடிக்கவில்லை. சூறாவளியாகி இந்திரன் பட்டணத்தைப் பெயர்க்கவில்லை, அதற்கு வலு இருந்தும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நின்னுபோச்சு. மூன்று உலகத்திலும் மூச்சு இல்லை. மந்திரம் ஓதல் இல்லை, வேள்வி இல்லை. அதைவிட முக்கியமாக, மலமும் சிறுநீரும் வெளியேறாமல் அடைத்துக்கொள்கின்றன. தேவர்கள் மகோதரம் கண்டவர்கள் மாதிரி வீங்கிய வயிற்றோடு பிரமனிடம் ஓடுகிறார்கள். பக்தர்கள் இந்தப் பகுதியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆதி காவியமோ கூச்சப்படாமல் சொல்லியிருக்கிறது. இந்திரன் மழையை அடைத்து வைப்பதுபோலக் காற்று உயிர்களை அடைத்தது என்று ஓர் உவமையையும் போட்டிருக்கிறது. அடைத்து வைப்பது இந்திரனுக்கும் வழக்கம்தான் என்பதை அந்த உவமையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மழையை நிறுத்தினால் அவனுக்குப் பூசை போடுவார்கள். மூச்சை நிறுத்தினால் உலகம் நரகமாகிவிட்டது என்பார்கள்.

மலம் அள்ளுகிறவன் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது வீங்கின வயிற்றுக்குத்தான் தெரியும். துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வது தவறு என்று 1946இல் காந்தி ஹரிஜன் இதழில் எழுதினார். ஒருநாள்கூட நிறுத்தக் கூடாதாம். 1957 ஜூலை 31 அன்று தில்லியில் அவர்கள் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டு ஓர் இளைஞர் செத்தார். மற்றவர்கள் வேலைநிறுத்தம் உரிமை, இவர்கள் செய்தால் பாவம். உத்தர காண்டத்தில் தேவர்கள் போட்ட கூச்சலும் இதே கூச்சல்தான்.

காற்றை நான் புனிதப்படுத்தவில்லை. கிஷ்கிந்தா காண்டத்தில் அஞ்சனை மலைமேல் நிற்கிறாள், காற்று அவள் சேலையை விலக்கித் தழுவுகிறது. என் கற்பை அழிக்கிறவன் யார் என்று அவள் கேட்கிறாள். மனதால்தான் தொட்டேன், உனக்குக் கெடுதல் இல்லை, பலசாலி மகன் பிறப்பான் என்று பதில் வருகிறது. அவள் சம்மதம் எங்கே? மின்னலிடம் அடிபட்டவன் வீட்டுக்குள் பெண்ணிடம் மின்னலாக நடந்துகொள்வதை நம் தெருவிலும் பார்க்கிறோம். நம் பெண் தோழர்கள் எழுதவேண்டிய தனிக் கட்டுரை அது.

நிறுத்தம் எப்படி முடிகிறது? பிரமன் நேரில் வருகிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காற்று அவன் காலில் மூன்று தரம் விழுகிறது. தடவிக்கொடுத்ததும் பிள்ளைக்கு உயிர் வருகிறது, காற்றும் வீசத் தொடங்கிவிடுகிறது. பேச்சுவார்த்தைக்கு முன்னாலேயே வேலைக்குத் திரும்பியாகிவிட்டது! அதற்குப் பிறகுதான் வரங்கள். பிரமன் தேவர்களிடம் சொல்வதைக் கவனியுங்கள்: இந்தக் குழந்தையால் உங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, காற்று மனம் குளிர வரம் கொடுங்கள். வாரி வழங்குகிறார்கள். அடித்த இந்திரனும் கொடுக்கிறான். தாடை உடைந்ததற்கு விசாரணை இல்லை. காற்று தேவனாக இருந்ததால் வரமாவது கிடைத்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வெண்மணியில் 1968இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காக 1999இல் ஊர்வலம் போனவர்களில் 17 பேரைத் தாமிரபரணி கரையில் பறிகொடுத்தோம்.

வரத்தோடும் முடியவில்லை. அந்தப் பிள்ளை ஆசிரமங்களில் போய் வேள்விக் கரண்டிகளை உடைக்கிறான், அக்கினி காரியங்களைக் கலைக்கிறான். பிருகு, அங்கிரஸ் வம்சத்து ரிஷிகள் சாபம் போடுகிறார்கள். உன் பலம் உனக்கு மறந்து போகட்டும், யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் நினைவு வரட்டும். அப்புறம் சாம்பவான் எடுத்துச் சொல்கிறான். எப்போது? இராமனின் காரியத்துக்குக் கடலைத் தாண்ட ஆள் தேவைப்பட்டபோது. பலத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நினைவை எடுத்துக்கொண்டார்கள். பலம் இருக்க வேண்டும், ஆனால் சொந்த உபயோகத்துக்கு ஆகக் கூடாது.

இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியபோது ஒரு தம்பி எழுந்தான். 'அண்ணே, இந்திரனை இப்படித் தாக்குனா எங்க ஆளுகளத் தாக்குன மாதிரி ஆயிருமேண்ணே.' தேவேந்திரர் என்ற பெயருக்கு எத்தனை காலப் போராட்டம் நடந்தது, 2021இல் நாடாளுமன்றம் ஏழு சாதிப் பெயர்களை அந்த ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் கேள்வியை நான் தள்ளவில்லை. மருத நிலத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் வேந்தனை உரைகாரர்கள் இந்திரன் என்கிறார்கள். நெல் விளையும் மண்ணின் தெய்வம் அது. புகாரில் இந்திர விழா நடந்ததைச் சிலப்பதிகாரம் விரிவாகப் பாடுகிறது. அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் ஒரு படி போனார். ஐம்புலன்களை வென்ற ஐந்திரரே இந்திரர், அவர் புத்தர், இந்திர விழா புத்தர் விழா என்று 'தமிழன்' ஏட்டில் எழுதினார். 'இந்திரர் தேச சரித்திரம்' என்று நாட்டுக்கே அந்தப் பெயரைச் சூட்டினார். 1999இல் பாளையங்கோட்டையில் இருந்து அவர் சிந்தனைகள் தொகுதிகளாக வந்தபிறகு இதை யாரும் வாசித்துக்கொள்ளலாம்.

நான் தம்பிக்குச் சொன்னது இதுதான்: பண்டிதரின் இந்திரர் கையில் வச்சிரம் இல்லை, கருவை அறுத்த கதையும் இல்லை. பேர் ஒன்றாக இருக்கலாம், ஆள் வேறு. பேரை எடுத்துக்கொள், ஆயுதத்தை எடுத்துக்கொள்ளாதே. அவன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 'ஆயுதம் இல்லாத சாமியை எவன்ணே மதிக்கான்'னு கேட்டுட்டு உட்கார்ந்தான். அந்தக் கேள்வியை இந்த இதழின் வாசகர்களிடம் அப்படியே வைக்கிறேன்.

இன்னொரு சங்கதி. கம்பர் உத்தர காண்டம் பாடவில்லை, அது ஒட்டக்கூத்தர் பெயரில்தான் இருக்கிறது. கம்பரைச் சொல்லும் மேடைகள் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடிவிடுவதால், காத்து நின்னுபோன கதை நம் ஊர்களில் முழுசாகக் காதில் விழுவதே இல்லை. வடைமாலை சாத்திய அனுமனைத்தான் காண்கிறோம். 2018 நவம்பரில் ராஜஸ்தான் தேர்தல் பிரச்சாரத்தில் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத், அனுமன் வனவாசி, வஞ்சிக்கப்பட்டவர், தலித் என்று பேசினார். உடனே ஒரு பிராமணர் அமைப்பு வக்கீல் நோட்டீஸ் விட்டது. அவர் அந்தச் சாதி, இந்தச் சாதி என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். அந்தச் சண்டையில் நான் படித்த வரைக்கும் ஒருத்தர்கூட அந்தத் தாடையை உடைத்தது யார் என்று கேட்கவில்லை.