உஸாமாவின் நூலில் பரங்கிக் குதிரைவீரர்

ஷாம் தேசத்து ஷைஸர் கோட்டையில் 1095இல் பிறந்த உஸாமா இப்னு முன்கித் முதுமையில் உரைத்த நினைவுநூல் ‘கிதாபுல் இஃதிபார்’. சிலுவைப்போர்க் காலத்துப் பரங்கியரை அருகிருந்து கண்டவர் அவர். (நம் ‘பரங்கி’யும் அரபு ‘இஃப்ரஞ்ச்’சும் ஒருவழி வந்த சொற்களே.) வீரமன்றி வேறு சிறப்பு அவர்க்கில்லை என்பது அவர் தீர்ப்பு. அவர் கூறும் வழக்கொன்றே அதனை மறுக்கிறது.

உடன்படிக்கைக் காலத்தில் பானியாஸ் தலைவன் முஸ்லிம்களின் ஆடுகளைக் கவர்ந்தான். ஈனும் பருவமாதலால் குட்டிகள் மாண்டன. பைத்துல் முகத்தஸை 1131 முதல் 1143 வரை ஆண்ட ஃபுல்க் மன்னனிடம் உஸாமா முறையிட்டார். மன்னன் தானே தீர்ப்பளிக்கவில்லை. குதிரைவீரர் அறுவர் எழுவரை ஏவினான். அவர்கள் தனித்துக் கூடி, தம் இனத்தான் ஈடு செலுத்தவேண்டுமென்றனர். அவர்தம் தீர்ப்பை மன்னனும் மாற்றவியலாதாம். 400 தீனார் கிடைத்தது. பகைவரைச் சபித்தெழுதும் உஸாமா இதனை மறைக்கவில்லை. தம் தீர்ப்பைத் திருத்தவுமில்லை.