தட்டுக்கொரு ட்ராக்

பாட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது. பாடகரும் பாடிவிட்டுப் போய்விட்டார். மிக்ஸிங்குக்கு உட்கார்ந்த பிறகுதான் கிக்கில் கனமே இல்லை என்று தெரிகிறது. ஈக்யூவில் 60 ஹெர்ட்ஸைச் சற்று ஏற்றினால், கிக்கோடு தாழ்ந்த டாமும் சேர்ந்து வீங்குகிறது. ஸ்னேருக்கு மினுமினுப்பு வேண்டுமென்று 8 கிலோஹெர்ட்ஸைத் தொட்டால் ஹை-ஹேட் காதைக் குத்துகிறது. டிரம் மெஷினை இரண்டே கேபிளில் ஸ்டீரியோவாகப் பதிந்து வைத்தவர்களுக்கு இப்படி ஓர் இரவு வராமல் போகாது. எனக்கும் வந்தது. மறுநாள் கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: ‘எல்லாத்தையும் தனித்தனியா எடுத்திருக்கணும்.’

அந்த அறிவுரையை நான் பல வருடம் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்று பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

முதலில் ஒப்புக்கொள்ளும் பாதி. 1980இல் ரோஜர் லின்னின் எல்எம்-1, ரோலண்டின் டிஆர்-808 இரண்டும் வந்தபோதே, ஒவ்வொரு தாளக்கருவிக்கும் தனித்தனி அவுட்புட் பின்பக்கத்தில் இருந்தது. அதன் பலனைக் கேட்க பிரின்ஸின் 1980களின் இசையைப் போட்டால் போதும். எல்எம்-1இன் ஒலிகளைத் தனியே இழுத்து, கிதார்க்காரர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் எஃபெக்ட் பெடல்கள் வழியே விட்டவர் அவர். கிதாருக்கென்று செய்த பெடலில் தட்டொலியை நுழைத்தால் அது தட்டாகவும் இல்லாமல் கிதாராகவும் இல்லாமல் மூன்றாவது ஒன்றாக வெளிவரும். எல்லா ஒலியும் ஒரே கம்பியில் வந்திருந்தால் கிக்கும் ஹேட்டும் சேர்ந்து கூழாகியிருக்கும். 1984இல் வந்த ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டில் பேஸ் கிதாரே கிடையாது. அந்த வெற்றிடத்தை டிரம் மெஷின் தாங்குகிறதென்றால், அதன் ஒவ்வொரு தட்டுக்கும் தனி முகம் இருப்பதும் ஒரு காரணம்.

அன்றாட மிக்ஸிங்கிலும் லாபம் கண்கூடு. மொத்த டிரம்ஸையும் ஒரே கம்ப்ரெஸரில் விட்டால் கிக் விழும்போதெல்லாம் ஹேட்டும் அமுங்கி எழும். வேண்டுமென்றே செய்தால் அது அழகு. தெரியாமல் நடந்தால் பாட்டுக்கு மூச்சிரைப்பு. ரிவெர்ப் ஸ்னேருக்கு மட்டும் போதும். கிக்கில் பட்டால் அடித்தளமே சேறாகிவிடும். இதெல்லாம் கலந்த ட்ராக்கில் செய்ய முடியாது, பிரித்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று என இரண்டு மைக் வைத்தாலும், ஒன்றின் நாதம் மற்றதில் கசியத்தான் செய்யும். டிரம் மெஷினில் அந்தக் கசிவே இல்லை. கிக்கின் கம்பியில் கிக் மட்டும்தான். எஞ்சினியருக்கு இது சொர்க்கம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தக் கசிவுதான் ஒரே அறையில் ஒருவர் வாசிக்கிறார் என்று காதை நம்பவைக்கிறது. பதினோரு ட்ராக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் துடைத்து மெருகேற்றிக் கலந்தபோது எனக்குக் கிடைத்தது பதினோரு பேர் பதினோரு ஊரிலிருந்து அனுப்பிய தாளம். கடைசியில் அந்த ட்ராக்குகளை ஒரு ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அறைக்கு நடுவே மைக் வைத்துத் திரும்பப் பதிந்து கொஞ்சம் கலந்தேன். பாடுபட்டுப் பிரித்ததை மறுபடி ஒட்டுவதற்கு ஒரு மாலை போனது.

எல்லா மெஷினுக்கும் பின்னால் பத்துப் பன்னிரண்டு துளைகள் இருப்பதுமில்லை. 1990இல் வந்து இன்றும் பலர் வீட்டில் இருக்கும் அலிசிஸ் எஸ்ஆர்-16இல் நாலே அவுட்புட். ஒலிகளை இடக்கோடி, வலக்கோடி என்று தள்ளி நாலு மோனோ ட்ராக் கறக்கலாம். பதிலுக்கு ஸ்டீரியோ அகலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டே அவுட்புட் உள்ள மெஷினில் வழி ஒன்றுதான்: முதல் சுற்றில் கிக்கை மட்டும் ஓடவிட்டுப் பதிவது, அடுத்த சுற்றில் ஸ்னேர், அப்புறம் ஹேட்.

இந்தச் சுற்றுமுறையை எளிதாகச் சிபாரிசு செய்பவர்கள் அதன் விலையைச் சொல்வதில்லை. மிடி கேபிளில் ஒரு தட்டுக்கான செய்தி போய்ச் சேரக் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் ஆகும். செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். கம்ப்யூட்டரிலிருந்து ஒரே அடியில் கிக், ஸ்னேர், ஹேட், கிளாப் நான்கையும் அனுப்பினால் நாலாவது வருவதற்குள் 3 மில்லிசெகண்ட் கழிந்திருக்கும். தனித்தனிச் சுற்றில் ஒவ்வொன்றும் முதல் ஆளாகக் கிளம்புவதால் அந்த வரிசை மறைந்துவிடுகிறது. இறுக்கம் கூடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் இடம் ஒரு சிட்டிகை முன்பின் ஆகிவிடுவதால் இறுக்கமும் நம்பக்கூடியதாக இல்லை. 5 மில்லிசெகண்ட் என்பது 100 ஹெர்ட்ஸ் அலையில் சரியாக அரைச் சுற்று. ஒரே கிக்கை இரண்டு சுற்றில் பதிந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கனம் கூடுவதற்குப் பதில் அந்த இடத்தில் கனம் காணாமல் போகலாம்.

ஹை-ஹேட் விவகாரம் இன்னும் மோசம். திறந்த ஹேட் நீளமாக இரையும். மூடிய ஹேட் விழுந்ததும் அந்த இரைச்சல் அறுபட வேண்டும். டிஆர்-909இல் இரண்டுக்கும் ஒரே அவுட்புட் வைத்தார்கள். இரண்டும் ஒரே கருவியின் இரு நிலைகள், பிரிக்கக் கூடாதவை. சுற்றுமுறையில் இவற்றைத் தனித்தனியே எடுத்தவருக்கு, மூடின பிறகும் இரைந்துகொண்டிருக்கும் ஹேட் பரிசாகக் கிடைக்கும். ஒருமுறை நான் அதை வெட்டி வெட்டிச் சரிசெய்தேன். ஒரு பாட்டுக்கு அது போதும் என்று ஆகிவிட்டது.

அவுட்புட்டே ஒலியை மாற்றும் மெஷின்களும் உண்டு. 1987இல் வந்த இ-மியூ எஸ்பி-1200இல் எட்டு அவுட்புட்; எட்டும் ஒன்றல்ல. முதல் இரண்டில் அசையும் ஃபில்டர், அடுத்த நான்கில் நிலையான ஃபில்டர், கடைசி இரண்டில் எதுவுமில்லை. கிக்கை முதல் வாசலில் விடுவதா ஏழாவதில் விடுவதா என்பது பதிவுக்கு முன்பே முடிவாக வேண்டிய இசைத் தீர்மானம். ‘எல்லாத்தையும் தனியா எடுத்துக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு அங்கே செல்லாது. அந்த ‘அப்புறம்’தான் இந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிக்காத இடம். 24 ட்ராக் டேப் காலத்தில் டிரம் மெஷினுக்கு ஐந்தாறு ட்ராக் ஒதுக்குவதே தாராளம். என்ன வேண்டும் என்று யோசித்துத்தான் பிரித்தார்கள். இன்று கம்ப்யூட்டரில் ட்ராக்குக்குப் பஞ்சமில்லை, யோசனையைத் தள்ளிப்போடத் தடையுமில்லை.

தள்ளிப்போடாதவர்களின் சான்றும் இருக்கிறது. ஸ்லை ஸ்டோனின் 1971 பாட்டு ‘ஃபேமிலி அஃபேர்’ ஒரு மேஸ்ட்ரோ ரிதம் கிங் பெட்டியின் துணுக் துணுக்கில் நடந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போனது. ஃபில் காலின்ஸின் 1981 பாட்டு ‘இன் தி ஏர் டுநைட்’, ரோலண்ட் சிஆர்-78இன் மோனோத் தாளத்தின் மேல் மூன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்கிறது. பிறகுதான் நிஜ டிரம்ஸ் இடிக்கிறது. அந்த மெஷின் பாட்டில் ஒரு பாத்திரம், கதவுக்கு வெளியே நிற்கும் ஆள் மாதிரி. அதன் கிக்கைத் தனியே எடுத்துக் கனமாக்கியிருந்தால் பின்னால் வரும் இடிக்கு என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்?

இப்போது என் கணக்கு மூன்று. கிக் தனி, ஏனென்றால் பேஸோடு சண்டை போடுவது அதுதான். ஸ்னேரும் கிளாப்பும் சேர்ந்து ஒன்று, ரிவெர்ப் அவற்றுக்குத்தான். மற்றதெல்லாம் மெஷின் கலந்துகொடுத்தபடியே ஸ்டீரியோவில். பிரின்ஸ் மாதிரி எஃபெக்ட்டே இசையாகும் இடத்தில் இந்தக் கணக்கைத் தாராளமாக மீறலாம்.

இவை மூன்றுக்கும் முன்னால், தனி அவுட்புட் எதிலும் கேபிள் செருகாமல் முழுக் கலவையையும் ஒருமுறை பதிந்துவிடுகிறேன். பல மெஷின்களில் கேபிள் செருகிய கணமே அந்த ஒலி மெயின் அவுட்புட்டிலிருந்து கழன்றுகொள்ளும். கூடவே மெஷினின் முகப்பை ஃபோனில் ஒரு படம். 808 போன்றவற்றில் குமிழ் எங்கே நின்றது என்பதை எந்த மெமரியும் வைத்திருக்காது.