பெயரும் பெயர்ப்பும்

உருசிய நவீனங்களைப் பயில்வார்க்கு முதற்கண் இடர் விளைப்பன அவற்றின் மாந்தர் பெயர்களே. தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) என்னும் நவீனத்தின் தலைவனை, குற்றத்தை ஆராயும் அலுவலர் 'ரோதியோன் ரொமானவிச்' என விளிப்பர். முன்னது இயற்பெயர், பின்னது 'ரொமானின் மகன்' எனப் பொருள்படுவது. தாய்க்கோ அவன் 'ரோத்யா'. குடிப்பெயராகிய 'ரஸ்கோல்னிக்கவ்' என்பதனுள், பிளவு எனப் பொருள்தரும் 'ரஸ்கோல்' என்னும் சொல் உறைகின்றது. உருசியத் திருச்சபையினின்று 17ஆம் நூற்றாண்டிற் பிரிந்து நின்றோரையும் அது நினைவூட்டும். 'பிளவினன்' எனப் பெயர்த்தாற் பொருள் எஞ்சும், வரலாறு மறையும்.

இவ்விடர்ப்பாடு தமிழுக்குப் புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயருமுன், நகரினுள் இருந்த நாளில், அங்குத் தமிழ் கற்பித்தோர் இருவர் தம் பெயர்களை மொழிபெயர்த்துக்கொண்டனர். சூரியநாராயண சாஸ்திரியார் 'தனிப்பாசுரத் தொகை'யைப் (1899) 'பரிதிமாற்கலைஞன்' என்னும் பெயரால் வெளியிட்டார். 'தமிழ்மொழியின் வரலாறு' (1903) இயற்பெயராலேயே வந்தது. ஆகலின் அஃது அவர்க்குப் புனைபெயரே. 1911இற் பல்லாவரத்திற் குடிபுகுந்த சுவாமி வேதாசலமோ, 1916இல் முற்றும் மறைமலையடிகளாயினார். 'ஞானசாகரம்' என்னும் அவர்தம் இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. மக்களுள் திருஞானசம்பந்தம் 'அறிவுத்தொடர்பு' எனவும், மாணிக்கவாசகம் 'மணிமொழி' எனவும், திரிபுரசுந்தரி 'முந்நகரழகி' எனவும் பெயர் பெற்றனர்.

சொல்லுக்குச் சொல் நோக்கின் இவற்றிற் பிழையில்லை. எனினும் 'மறைமலை' நாட்டில் நிலைத்தது, 'அறிவுத்தொடர்பு' நிலைக்கவில்லை. ஓசையின்பம் இன்மையே காரணம் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதுகின்றிலம். வேதாசலம் என்பது திருக்கழுக்குன்றத்து மலையைச் சுட்டும் பெயர். மறைமலை என்றாலும் அம்மலையே நம் கண்முன் நிற்கும். ஞானசம்பந்தம் என்பதோ பொருளால் நிற்கும் பெயரன்று. சீகாழிக் குளக்கரையும், ஞானப்பால் உண்ட பிள்ளையும், தேவாரமும் அவ்வொலியோடு பிணைந்தவை. 'தொடர்பு' என்றவுடன் அத்தொடர்பே அறுகின்றது! 'மணிமொழி' தப்பியது தன் இனிமையால். மாணிக்கவாசகரை நினைந்து அப்பெயரை இடுவார் அரியர். சைவத்தில் ஆழ்ந்த அடிகள் இவ்விழப்பை உணராதவர் அல்லர். மொழித்தூய்மையின் பொருட்டு அதனை ஏற்றனர் எனல் பொருந்தும்.

உருசிய நவீனத்தை மொழிபெயர்ப்போர்க்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. பெயரின் ஒலியை அவ்வாறே காத்தல் அமையும். ஆனால் படிப்போர் மயங்குவர் என்று அஞ்சி, எல்லா வடிவங்களையும் 'ரஸ்கோல்னிக்கவ்' என ஒன்றாக்குதல் தகாது. நீ, நீர் என்னும் வேறுபாடு தமிழில் உண்டெனினும், 'ரோத்யா' என்பதிலுள்ள பரிவை அவை தாரா. ஒன்றாக்கிய பெயர்ப்பில் தாயும் அலுவலரும் ஒரே குரலில் அவனை அழைப்பர்.