ஒழுங்காகச் சொதப்புவது எப்படி?

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மனின் மீசை பாதி வசனத்தில் கழன்று தொங்கினால் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரே சிரிக்கும். அந்தப் பெருமை பையனுக்குச் சேராது, பசைக்குத்தான். அதே மீசை தினமும் அதே வார்த்தையில் கழன்றால் அது வித்தை.

அந்த வித்தையை முழுநீளத்துக்கு இழுத்தது, 2012இல் லண்டனில் ஒரு மதுக்கடை மாடி அரங்கில் தொடங்கிய 'தி ப்ளே தட் கோஸ் ராங்' நாடகம். ஹென்றி லூயிஸ், ஜோனதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் மூவரும் எழுதியது. அதில் கல்லூரி நாடகக் குழு ஒன்று கொலை மர்மக் கதை போடுகிறது. பிணத்தின் கையை மிதிக்கிறார்கள், கதவு திறக்கமாட்டேன் என்கிறது, கடைசியில் செட்டே சரிகிறது. (சரியும் அந்த செட்டுக்கு 2017இல் டோனி விருது!)

எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒருவர் முன்னால் பேசி முடித்த வசனத்தையே திரும்ப எடுத்துவிட, எதிராளியும் அதற்குரிய பதிலைச் சொல்ல, காட்சி வந்த வழியே பின்னால் போய்விடுகிறது. மறுபடி அதே தப்பு, மறுபடி அதே சுற்று, இன்னும் வேகமாக. விஸ்கிக்குப் பதில் பாட்டிலில் இருப்பதோ பெயின்ட் கரைக்கிற தின்னர். ஒவ்வொரு சுற்றிலும் அதைக் குடித்தாக வேண்டும். பெரும்பாலும் யாரும் சிரிப்பு மூட்டப் பார்ப்பதில்லை. நாடகத்தை எப்படியாவது கரைசேர்க்கத்தான் துடிக்கிறார்கள். கண்ணடித்தால் போச்சு.

நம் சபாக்களில் இந்த ரகம் குறைவு. கிரேஸி மோகன் மேடையில் நாற்காலி உடையாது, வார்த்தைதான் உடையும். அவர் நாடக நாயகன் மாது ஒன்று சொல்ல, மற்றவர் காதில் வேறொன்று விழும்.

இதற்கெல்லாம் மூத்தவன் தெருக்கூத்தின் கட்டியங்காரன். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை குலுங்க நிற்கிறான். திரை விலகியதும் பராக்குச் சொல்ல வேண்டியவன், "யாருப்பா நீ?" என்கிறான். ராஜா பிரதாபம் பேசப் பேச, இவன் ஒவ்வொன்றையும் கோணலாகக் காதில் வாங்குகிறான். ராஜாவுக்குச் சிரிப்பு வரக் கூடாது. மிருதங்க அடியும் காத்திருந்து விழ வேண்டும். லண்டன்காரர்களின் அதே கணக்குதான்.

இந்த லண்டன் சரக்கை யாராவது தாம்பரம் பக்கத்து அமெச்சூர் குழு போடும் அரிச்சந்திரன் கதையாக மாற்றினால் தேவலை. பக்கத்துப் பம்மலைப் பெயரில் சுமந்த சம்பந்த முதலியாரே 'சந்திரஹரி' எழுதி, பொய்யே பேசும் ராஜாவாக அரிச்சந்திரனைக் கவிழ்த்துப் போட்டவர்; ஆட்சேபிக்கமாட்டார். மயானத்தில் செத்துக் கிடக்கும் லோகிதாசன் தும்மலை அடக்கிக்கொண்டிருக்க, சந்திரமதியின் ஒவ்வொரு ஒப்பாரி முடிவிலும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி ஒன்று ஹார்ன் அடிக்க வேண்டும். தினமும், அதே இடத்தில்.