மாறிகளைத் தேர்ந்தெடுக்கும் மரபுகள்

ஒரு விளைவை விளக்க எந்த மாறிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்ற கேள்விக்குப் புள்ளியியலில் ஒரே விடை என்றும் இருந்ததில்லை. மாதிரியில் புதிதாக ஒரு மாறியைச் சேர்த்தால், பொருத்தத்தை அளக்கும் ஆர்-ஸ்கொயர் கூடும், அல்லது இருந்தபடி இருக்கும், குறையவே குறையாது. துளியும் சம்பந்தமில்லாத மாறிக்கும் இதுதான் விதி. பொருத்தத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பெரிய மாதிரியே எப்போதும் வெல்லும். இதைச் சரிக்கட்டும் விதத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

மூத்தது ரொனால்ட் ஃபிஷரின் வழி. சேர்த்த மாறிகள் தற்செயலை மீறிப் பிழையைக் குறைத்தனவா என்று எஃப் சோதனை கேட்கும். இதற்குச் சிறிய மாதிரி பெரியதற்குள் முழுதும் அடங்கியிருக்க வேண்டும். விளைச்சலை ஒருவர் மழை, உரம் கொண்டும் இன்னொருவர் வெப்பம், மண்வகை கொண்டும் விளக்கினால் இந்தச் சோதனை நேராகக் கைகொடுக்காது. அத்தகைய மாதிரிகளுக்காக டேவிட் காக்ஸ் 1961இல் தனியொரு சோதனையை வகுத்தார்.

ஹிரோதுகு அகாய்கே கேள்வியையே மாற்றினார். டோக்கியோவின் புள்ளியியல் கணித நிறுவனத்தில் பணியாற்றிய அவர், சிமென்ட் சூளைகளின் கட்டுப்பாடு பற்றியும் ஆராய்ந்தவர். சூளை அடுத்து எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் மாதிரியே அங்கே தேவை. எந்தத் தரவில் மாதிரியைக் கட்டினோமோ அதே தரவில் மதிப்பிட்டால், பொருத்தம் உள்ளதைவிட அழகாகத் தெரியும். அந்த மிகையழகு சராசரியாக எவ்வளவு என்பதைக் கணித்ததே அகாய்கேயின் சாதனை. அவருடைய அளவுகோலான ஏஐசி, மதிப்பிடும் ஒவ்வோர் அளவுருவுக்கும் 2 என்று தண்டம் விதிப்பது அதனால்தான். 1973இல் அச்சான, ஏஐசியை முன்வைத்த அவரது கட்டுரையை இத்துறையின் திருப்புமுனை என்றே சொல்வேன்.

கிடியன் ஸ்வார்ஸ் 1978இல் தந்த பிஐசி என்ற அளவுகோலில் தண்டம் தரவின் அளவோடு வளரும். 1000 பதிவுகள் இருந்தால் அளவுருவுக்கு ஏறத்தாழ 6.9. ஏஐசி நல்ல முன்கணிப்பைத் தேடுகிறது. பிஐசி, போட்டியிடும் மாதிரிகளுள் உண்மையானது இருந்தால் அதைக் கண்டுபிடிக்க முயல்கிறது. இரண்டு எண்களையும் கணித்துவிட்டு, நமக்குப் பிடித்த மாதிரிக்குச் சாதகமானதை மட்டும் அச்சிடுவது நேர்மையாகாது.

தரவில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சோதிக்கும் குறுக்குச் சரிபார்ப்பை மெர்வின் ஸ்டோன் 1974இல் முறைப்படுத்தினார். ஒவ்வொரு பதிவாக விட்டுச் சோதிப்பது, தரவு பெருகும்போது ஏஐசியோடு ஒத்துப்போகும் என்றும் 1977இல் காட்டினார்.

எந்த மரபைப் பின்பற்றினாலும், டேவிட் ஃப்ரீட்மேன் 1983இல் வெளியிட்ட சிறு குறிப்பை மாணவர்கள் படித்தே ஆகவேண்டும். 100 பதிவுகள், 50 மாறிகள், அத்தனையும் வெறும் இரைச்சல். முதல் சுற்றில் ஓரளவு தேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அதே தரவில் மறுபடி பொருத்தினார். இல்லாத உறவு வலுவான உறவாகத் தெரிந்தது. தேர்ந்தெடுத்த தரவே சான்றிதழும் வழங்கினால் நேர்வது இதுதான்.

கணினி தானாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு மாறியில் மதிப்புகள் விடுபட்டிருந்தால் பல மென்பொருள்கள் அந்தப் பதிவுகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். அந்த மாறி ஒப்பிடும் இரு மாதிரிகளுள் ஒன்றில் மட்டும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு பதிவுகளில் பொருத்தப்பட்டிருக்கும். அப்போது அவற்றின் ஏஐசிகளை ஒப்பிட இயலாது. ஒன்றில் வருமானத்தையும் மற்றதில் வருமானத்தின் மடக்கையையும் விளைவாக வைத்தாலும், உரிய திருத்தம் சேர்க்காமல் ஒப்பிடக் கூடாது.